கண்ணாடி எடுத்துவரப் போன நேரம்

குணநாயகம் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அலுவலகத்தின் வாசல்வரை வந்து, சேர்ட் பொக்கற்றைத் தடவி, காற்சட்டைப் பொக்கற்றைத் தடவி, கடைசியில் மனைவி பத்மாசனியின் முகத்தைப் பார்த்தார், ஏதோ அங்கேதான் கழற்றி வைத்தவர்போல. “இஞ்சரும், மேசையில விட்டிட்டன் போல கிடக்கு. கெதியாப் போட்டு வாறன்” என்று சைக்கிளைத் திருப்பினார். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். நடுவில் யாராவது தண்ணீர்ப் பம்ப் இழுக்கவில்லை என்று மறித்தால் அதற்குமேல் கணக்கில்லை. முப்பத்தைந்து வருடம் பம்ப் திருத்துகிறவரை ஊரில் யாரும் சும்மா போகவிடுவதில்லை.

பத்மாசனி நீள வாங்கில் உட்கார்ந்தாள். வேலைநாளில் காலை பத்து மணிக்குச் சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத சுகம். உப தபாலகத்தில் இந்நேரம் பை வந்து இறங்கியிருக்கும், அரக்கு உடைத்திருப்பாள், கடிதங்களைத் தட்டித் தட்டி நிரைப்படுத்தியிருப்பாள். இங்கே தட்டுவதற்கு ஒன்றுமில்லை. மேலே விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எதிலோ தட்டுப்பட்டு, தன்னைத் தானே மன்னித்துக்கொண்டு, மறுபடி சுற்றியது. பழைய காணி உறுதிப் பத்திரங்கள் நிறைந்த அலுமாரியிலிருந்து பூச்சியுருண்டை மணம் வந்தது. மடியில் பிளாஸ்ரிக் உறை. உறைக்குள் அவளைப் பெற்ற ஐயா தொண்ணூற்று மூன்றில் அவள் பேரில் எழுதிவைத்த காணி உறுதி, அவளுடைய அடையாள அட்டை, மகள் ஆரணியின் பிறப்புச் சான்றிதழ். ஆறு பரப்புக் காணி, ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் றோட்டு. வெள்ளிக்கிழமை ஆரணிக்கு எழுத்து. பதிவுத் திருமணத்தை இந்தப் பக்கத்தில் எழுத்து என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்னால் காணி பிள்ளையின் பெயருக்குப் போய்விட வேண்டும். சீதனமாக அல்ல, யாருக்கும் பேசிக் கொடுத்ததாக அல்ல, தாய் மகளுக்குத் தந்ததாக. இன்று புதன். நொத்தாரிசு அம்மா நீதிமன்றத்தில் இருந்து பதினொன்றரைக்கு வருவா, நாளைக்குக் கொழும்புக்குப் போய்விடுவா. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, கிளாக்கர் சந்தியாப்பிள்ளை வாய் திறக்கும்வரை.

சந்தியாப்பிள்ளைக்கு எழுபது தாண்டியிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வெறும் கண்ணால் வாசிக்கிற மனிதர். “பிள்ளை, விவாகப் பதிவுத் துண்டு?” என்றார். “பதியேல்ல அண்ணை. தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வில, சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்க கட்டினது. ஐயர் வந்தவர், தாலி ஏறினது. பேந்து எழுதுவம், பேந்து எழுதுவம் எண்டு அப்பிடியே போட்டுது.” “எத்தினை வருசமாப் பேந்து?” “இருபத்தொன்பது.” கிழவர் சிரித்தார். பிறகு உறுதியை விரித்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டு, குரலைக் கொஞ்சம் தணித்தார். “அப்ப ஒரு லேசான வழி இருக்கெல்லே. உறுதியில நீர் செல்வி. அட்டையிலயும் தேப்பன்ர பேர். கலியாணம் கட்டினதுக்கு ஒரு துண்டும் இல்ல. விவாகமாகாத பெண் எண்டு எழுதினா மனுசன்ர சம்மதம் தேவையில்ல. உம்மட ஒரு கையெழுத்தோட அலுவல் முடிஞ்சுது. அவர் கண்ணாடியோட வரமுந்தித் தட்டிப்போடுவன்.” “அப்ப அவர்?” “அவர் வெளியில இருந்து பிளேன்ரீ குடிக்கட்டும்.” சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் தட்டச்சுக்குப் போனார். “ரெண்டு மாதிரியும் தட்டுறன். எதெண்டு யோசிச்சு வையும்.”

ஒரு கையெழுத்து. அந்தச் சொல் அவளுக்குள் விழுந்து, கிணற்றில் விழுந்த வாளிபோல ஒருமுறை மூழ்கி, பிறகு மிதந்துகொண்டு நின்றது. ஒரு கையெழுத்து, என்னுடையது மட்டும். தபாலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்குகிறாள்! பதிவுத் தபால் வந்தால் கணவன் பெயருக்கு வந்ததைக் கணவன்தான் எடுக்கவேண்டும் என்று விதி. மழையில் நனைந்து வந்த பெண்சாதிமாரை அவள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. போடும் பிள்ளை, உம்மட கையெழுத்தைப் போடும் என்று புத்தகத்தைத் திருப்பிவைப்பாள். தனக்கு யாரும் அப்படித் திருப்பிவைத்ததில்லை. ஐயா இந்த உறுதியை எழுதிக்கொண்டு வந்த அன்று, விளக்கடியில் வைத்துச் சொன்னார். காணி உன்ர பிள்ளை, ஒருத்தனும் தொடேலாது, ஆனா கலியாணம் கட்டினாப் பேந்து அவன் எழுத்தில சம்மதம் தராமல் நீ விக்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது. ஏன் ஐயா? தேசவழமை. அதைச் சொன்ன விதம், வெயில் சுடும், உப்புக் கரிக்கும் என்று சொல்வதுபோல. யாழ்ப்பாணத்துத் தமிழருக்கென்று ஒல்லாந்தன் எழுதிவைத்து வெள்ளைக்காரன் திருத்திவிட்டுப்போன சட்டம். கணவன் தன் காணியைக் கொடுக்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. மனைவி தன் காணியைக் கொடுக்கக் கணவனைக் கேட்கவேண்டும். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கேள்வி இருந்தது, கேட்கிற இடம் இருக்கவில்லை. இன்று காலையில் ஆரணி போனில் சொல்கிறாள், கொழும்பில் சட்டப் பத்திரங்களை மொழிபெயர்க்கிற பிள்ளை, நாக்கில் உறுப்புரை உறுப்புரையாக வைத்திருப்பவள். “அம்மா, அரசியலமைப்பில பன்னிரண்டாம் உறுப்புரை சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம் எண்டுது. அதே அத்தியாயத்தில பதினாறாம் உறுப்புரை, முந்தியிருந்த சட்டங்கள் இதோட முரண்பட்டாலும் இருந்திட்டுப் போகட்டும் எண்டுது.” “அப்ப, படலையில எல்லாரும் வாங்கோ எண்டு எழுதிப்போட்டு நாயையும் அவிட்டுவிட்ட மாதிரி.” ஆரணி அந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். “எனக்கு நாய் இல்லை அம்மா. நான் கட்டுறது மட்டக்களப்பான். அவருக்குத் தேசவழமை இல்லாதபடியா கட்டினாப்பிறகு எனக்கும் இல்லை. என்ர காணி, என்ர கையெழுத்து.” ஆசைப்பட்டு ஒருவனைப் பிடித்ததில் சட்டத்தை விட்டே வெளியே போய்விட்டது பிள்ளை. அதுவும் ஒரு சீதனம்தான் என்று பத்மாசனி நினைத்தாள், நினைத்ததும் விசிறிக்குக் கீழே தனியாகச் சிரித்தாள்.

தட்டச்சு தட்டிக்கொண்டிருந்தது. விவாகமாகாத. அந்தச் சொல்லை நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தாள். கல்கண்டு மாதிரிக் கொஞ்சம் இனித்தது, உண்மையைச் சொன்னால். ஆனால் அது எப்படி விவாகமாகாமல் போகும்? அந்த வகுப்பறை இருக்கிறதே. ஐப்பசிக் கடைசியில் ஊரே மழைக்குள் நடந்து வந்து, கார்த்திகையில் அந்த வகுப்பறையில் ஒன்பது குடும்பம். நாள் வைத்த கலியாணத்தை நிறுத்தக்கூடாது என்று அம்மா அழுதா. கூறைச் சேலை பெட்டியோடு ஊரில் கிடந்தது. பக்கத்துப் பாயில் இருந்த லில்லி என்ற பெண் தன்னுடைய மாதா கோவில் கலியாணச் சேலையை, வெள்ளைச் சேலையை, மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கித் தந்தாள். அது காயவில்லை. ஈரச் சேலையோடு, உடைந்த மேசைக் காலை விறகாக்கி ஐயர் மூட்டிய ஓமத்துக்கு முன்னால் இருந்தபோது உடம்பு நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று குணநாயகம் நினைத்திருப்பார். எதிரே கரும்பலகை. பிள்ளைகள் பாதியில் விட்டுப்போன கணக்கு அழியாமல் இருந்தது. ஒரு குழாய் தொட்டியைப் பத்து மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றக் குழாய் பதினைந்து மணித்தியாலத்தில் நிரப்பும், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால்? விடை எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அவள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ஆறு. தாலி ஏறுகிற கணத்தில் அவள் மனதில் இருந்தது கடவுளும் இல்லை, கணவனும் இல்லை, ஆறு. இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தச் சேலையும் திருப்பிக் கொடுபடவில்லை. லில்லி எந்த றோட்டால் போனாளோ. அது இன்னும் பெட்டியில் இருக்கிறது, மஞ்சள் வெளிறி மறுபடி வெள்ளையாகப் போய்க்கொண்டு. சந்தியாப்பிள்ளை துண்டு இல்லை என்கிறார். சேலை இருக்கிறது, கணக்கின் விடை இருக்கிறது. இதையெல்லாம் எந்த நொத்தாரிசு பதிவான்?

பிறகு வந்த வருடங்கள் மோசமில்லை. மோசமில்லை என்பதே சரியில்லை, நன்றாகவே இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும், மனம் குறைகளை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்புகிறது. அவருடைய கையில் எப்போதும் கிறீஸ் மணம். இரவில் அவள் கால் கடுத்தால் அந்தக் கையாலேயே பிடித்துவிடுவார், நட்டு இறுக்குகிற கணக்கில், அளவாக. பள்ளிக்கூடப் பத்திரம், கரண்ட் பத்திரம், எதை நீட்டினாலும் “எங்க போடவேணும்?” என்பதுதான் ஒரே கேள்வி. வாசிக்கமாட்டார். அவள் அவரையே விற்றுவிட்டதாக ஒரு பத்திரம் நீட்டினாலும் எங்க போடவேணும் என்றுதான் கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரேயொருமுறை, ஒரேயொருமுறை மட்டும், அப்படிக் கேட்கவில்லை. அது ஏன் இந்த விசிறி மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் வந்து தட்டவேண்டும்? இரண்டாயிரத்துப் பத்து, மாசி. சின்னண்ணா யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து வந்தான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு தறப்பாள். அவளுடைய வீட்டு வளவுக்குள்ளேயே தறப்பாளைக் கட்டி இருந்தார்கள். அவள் ஒரு பின்னேரம் பம்ப் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னாள், என்ர காணியில ரெண்டு பரப்பைச் சின்னண்ணாவுக்குக் குடுப்பம் எண்டு நினைக்கிறன். அவர் நிமிரவில்லை. ஒரு வாஷரைத் துடைத்தபடி, “யோசிப்பம்” என்றார். அவ்வளவுதான். யோசிப்பம். அவள் மூன்று கிழமை காத்திருந்தாள். இரண்டாந்தரம் கேட்கவில்லை. முதல்தரம் கேட்பது சொல்வது, இரண்டாந்தரம் கேட்பது இரப்பது. என் காணிக்கு நானே இரப்பதா? சட்டம் அவரை ஒரு படி மேலே ஏற்றி வைத்திருக்கிறது, அந்தப் படியில் இருந்துகொண்டு அவர் வாஷர் துடைக்கிறார் என்று நினைத்தாள். நான்காம் கிழமை சின்னண்ணா மனைவியின் ஊர்ப்பக்கம், வவுனியாவுக்குப் போய்விட்டான். போகும்போது தறப்பாளை மடித்து, “உங்களுக்கு மழைக்கு உதவும்” என்று வைத்துவிட்டுப் போனான். ஐந்தாம் வருடம் நெஞ்சு வலித்துச் செத்துப்போனான். காணி கொடுத்திருந்தால் நெஞ்சு வலித்திருக்காதா என்றால், அப்படியில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தறப்பாளை அவள் இன்றுவரை விரிக்கவில்லை.

மணி பத்து ஐம்பத்தைந்து. நாற்பது நிமிடம் கடந்துவிட்டது. சந்தியில் பஸ்காரங்கள் கண்மண் தெரியாமல் திருப்புவான்கள். அவருக்குப் பிரசர், வெயில், தொப்பி போடவில்லை. இப்போது அவருக்கு ஏதும் நடந்தால் நான் யார்? ஆசுபத்திரியில் கேட்பார்களே, நீங்கள் யார் அவருக்கு என்று. எதைக் காட்டுவது? ஈரச் சேலையையா? கொஞ்ச நேரத்துக்கு முன் கல்கண்டாக இனித்த சொல் இப்போது தொண்டையில் நின்றது. இந்தத் துண்டில்லாத் தன்மை கையெழுத்து விஷயத்தில் கதவைத் திறக்கிறது, மற்ற எல்லா இடத்திலும் அதே கதவைப் பூட்டிவிடும். வாசலில் மணிச்சத்தம் கேட்டது. அவருடைய சைக்கிள் மணி அல்ல. அவருடையது பாதி அடித்து நிற்கும்.

“இந்தாரும்” என்று சந்தியாப்பிள்ளை இரண்டு பத்திரங்களையும் மடியில் வைத்தார். “இது ஒத்தைக் கையெழுத்து. மற்றது சம்மதத்தோட, ஆனா அதுக்குக் கலியாணத்துக்கு ஏதும் அத்தாட்சி வேணும். இல்லாட்டி சத்தியக்கடதாசி, சாட்சி எண்டு அடுத்த கிழமைதான்.” முதல் பத்திரத்தை எடுத்து, கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்தாள். முகவரி வாசித்து வாசித்துப் பழகிய கண், தட்டிய பிழைகளைத் தாண்டி நேரே உரிய இடத்தில் போய் நின்றது. ‘விவாகமாகாத பெண்ணாகிய பத்மாசனி தில்லையம்பலம் ஆகிய நான், எனது அன்பு மகளாகிய ஆரணிக்கு…’ அவள் இன்னொருதரம் வாசித்தாள். “அண்ணை, விவாகமாகாதவளுக்கு அன்பு மகள் எங்கால?” கிழவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை முதல்தடவையாக மூக்குக்கு இறக்கினார். பார்த்தார். “அட, மாதாவே!” என்றார். பிறகு, சமாளித்து, “வேணுமெண்டா மருமகள், தமையன்ர பிள்ளை எண்டு போடுவம்” என்றார். “பெத்தது நான் அண்ணை, எனக்குத் தெரியும்” என்றாள் பத்மாசனி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் பாதி மணி அடித்து நின்றது.

குணநாயகம் வேர்த்து வழிய உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பொக்கற்றிலிருந்து கண்ணாடியை எடுத்தார். சிவப்பு விளிம்பு, காதுக் கம்பியில் சின்னப் பூ. “அது என்ர” என்றாள் அவள். “மேசையில இதுதான் கிடந்தது.” “உங்கட எங்க?” “அது அலுமாரிக்குமேல இருந்திருக்கும் போல.” போட்டுக்கொண்டார். பூவோடு அவர் முகம் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் முகம்போல இருந்தது. “தெரியுது. எங்க போடவேணும்?” என்று அவள் மடியிலிருந்து மேலே இருந்த பத்திரத்தை எடுத்துவிட்டார். எடுத்தது ஒற்றைக் கையெழுத்துப் பத்திரம். பறிப்பதற்கு அவள் கை போயிற்று, பாதியில் நின்றது. கண்ணாடிக்காக இவ்வளவு தூரம் போய்வந்ததாலோ என்னவோ, வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒரு பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார். விரல் வரிக்குக் கீழே ஊர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது.

“இது ஆர் விவாகமாகாத பெண்?”

“நான்தான். அப்பிடி எழுதினா உங்கட கையெழுத்துத் தேவையில்லையாம்.”

“என்ர கையெழுத்து என்னத்துக்கு? காணி உம்மடதெல்லே.”

“தேசவழமை. நீங்கள் சம்மதம் எண்டு எழுதித் தராட்டி நான் குடுக்கேலாது.”

“எப்ப தொடக்கம்?”

“கட்டின நாள் தொடக்கம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பூவைக் கட்டைவிரலால் தேய்த்தார், வாஷரைத் துடைப்பதுபோல. விசிறி இரண்டு மூன்றுதரம் தட்டியது. “அப்ப” என்றார், “உம்மட சின்னண்ணையின்ர அலுவல்?”

அவள் மடியிலிருந்த உறையின் விளிம்பை நீவினாள்.

“நான் யோசிப்பம் எண்டது, கிணத்துப் பக்கத்தைக் குடுக்கிறதோ றோட்டுப் பக்கத்தைக் குடுக்கிறதோ எண்டெல்லே. அவனுக்கு றோட்டுப் பக்கம் எண்டா ஒரு கடையெண்டாலும் போடலாம் எண்டு நினைச்சன். நான் போய்த் தனியா அளந்தும் பாத்தனான். நீர் பேந்து ஒண்டும் கதைக்கேல்ல. அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னவோ, நான் ஏன் தலையிடுவான் எண்டு விட்டிட்டன்.”

இவருக்குத் தெரியாது. அந்த எண்ணம் மெதுவாக, மிக மெதுவாக உள்ளே இறங்கியது. ஐயாமார் மருமகன்மாரின் காதில் சொல்லிவிடுவார்கள் என்றும், ஆம்பிளைகளுக்கு இது பிறக்கும்போதே தெரியும் என்றும் அவள் நினைத்திருந்தாள். சட்டம் ஒரு பூட்டின் திறப்பை அவர் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டது, அவருக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் பதினாலு வருடம் பூட்டுக்கு முன்னால் நின்றாள், தெரியாதவர் பக்கத்தில் நின்று ஏன் உள்ளே போகாமல் நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் போய் நிற்பதற்கு இடம் தெரியாமல், முகவரி இல்லாத கடிதம்போல அங்குமிங்கும் திரும்பியது. இவரிடம் போகாது. சின்னண்ணாவிடமும் போகாது, அவன் இல்லை. இன்னொருமுறை கேட்காத தன்னிடமும் கொஞ்சம் போகவேண்டும். மிச்சம், பெரும்பகுதி, அந்தப் பதினாறாம் உறுப்புரைக்குத்தான்.

“அப்ப இதிலயே போடும்” என்றார் குணநாயகம், ஒற்றைக் கையெழுத்துப் பத்திரத்தை அவளிடம் நீட்டி. “நான் வெளியில இருக்கிறன். எனக்கு ஒண்டுமில்ல.” அவர் எழும்பவும் செய்தார். சும்மா சொல்லவில்லை. அவள் அந்த வேர்த்த சேர்ட் முதுகைப் பார்த்தாள். தனியாகப் போடலாம். இதோ, யாரும் தடுக்கவில்லை. ஆனால் சட்டம் பிழையென்றால் சட்டம் மாறட்டும். அது மாறுவதற்குப் பதிலாக அந்த வகுப்பறையும் ஈரச் சேலையும் கரும்பலகையும் ஏன் இல்லாமல் போகவேண்டும்? இருபத்தொன்பது வருடத்தைக் கொடுத்துத்தான் ஒரு கையெழுத்தை வாங்கவேண்டும் என்றால் அது அதிகம். “இருங்கோ” என்றாள். “அதில பிள்ளையை மருமகளாக்கிப் போட்டார் கிளாக்கர்.” உறைக்குள் கைவிட்டு ஆரணியின் பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். “அண்ணை, அத்தாட்சி கேட்டியளெல்லே. இதைப் பாருங்கோ.” சந்தியாப்பிள்ளை விரலை ஓட்டினார். பெற்றோர் விவாகம் செய்தவர்களா? தொண்ணூற்றெட்டில் எந்தப் பதிவாளரோ கேள்வி கேட்காமல் எழுதிய ஒற்றைச் சொல் நீல மையில் அங்கே இருந்தது. ஆம். “இது போதும்” என்றார் கிழவர். “கலியாணத்துக்குச் சாட்சி மகள்.”

பதினொன்று நாற்பதுக்கு நொத்தாரிசு அம்மா கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டபடி வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பத்திரத்தை வாசித்து, “அம்மா முதல்” என்று திருப்பிவைத்தா. பத்மாசனி குணநாயகத்தின் கையிலிருந்த தன் கண்ணாடியை வாங்கிப் போட்டு, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினாள். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, பேனையைப் பிடித்து, பென்சிலால் அடையாளம் போட்டிருந்த இடத்துக்கு மேலே கையை வைத்தவர், எங்க போடவேணும் என்று கேட்கவில்லை. பூ வைத்த கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, “போடட்டோ?” என்றார்.

நொத்தாரிசு அம்மா காத்திருந்தா. சந்தியாப்பிள்ளை காத்திருந்தார். விசிறி ஒருதரம் தட்டியது. பத்மாசனி சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

“யோசிப்பம்” என்றாள்.